புரதத்தின் மேல் ஒரு சிறு குறி

பெங்களூரு அவென்யூ சாலையை ஒட்டிய தங்கக் கடைகளில், கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் சிறு தராசைக் கண்டிராத நேயர்கள் அரியர். மின்விசிறிக் காற்றுப் பட்டாலே எண் மாறிவிடும் என்பதற்காகவே அக்கூண்டு. மோதிரமொன்றை அதில் வைத்தால் மில்லிகிராம் வரை எடை தெரியும். ஆனால் அம்மோதிரத்தைத் தட்டார் எந்த இடத்தில் பொடி வைத்து ஊதினார் என்பதை அத்தராசு சொல்லுமா? சொல்லாது. அதை அறிய மோதிரத்தைத் துண்டு துண்டாக வெட்டவேண்டும்; வெட்டிய துண்டுகளைத் தனித்தனியே நிறுக்கவும் வேண்டும்.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு வகை நிறுவையே. நிறுக்கப்படும் பொருள் புரதம். தேடப்படுவது அதன்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்னும் மிகச் சிறிய தொகுதி. அது இருக்கிறதா என்பது முதற் கேள்வி. இருக்குமாயின் எந்த இடத்தில் என்பது இரண்டாவது. முதற் கேள்வி எளிது போலவும் இரண்டாவது கடினம் போலவும் தோன்றும். உண்மையில் முதற் கேள்வியிலேயே நாங்கள் ஒருமுறை வழுக்கி விழுந்தோம். அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை. மணி வகைகள் பொதுவாக இருபது. எந்த மணிக்குப்பின் எந்த மணி என்பதை உயிரணுவின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. வகுத்துக் கொடுக்கிறது. மாலை கோத்து முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன்பிறகு உயிரணு அம்மணிகளின்மேல் சிற்சில குறிகளை இடுகிறது. இதற்கு நம் நாட்டு ஆராய்ச்சியோடு நெருங்கிய தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை வெளியிட்டனர் அல்லவா? நம் தோலையும் எலும்பையும் தசைநாரையும் தாங்கி நிற்கும் அப்புரதத்தில், புரோலின் என்னும் மணிகள் பலவற்றின்மேல் ஆக்சிஜன் அணு ஒன்று பின்னர்ச் சேர்க்கப்படுகிறது. அதைச் சேர்ப்பதற்கு வைட்டமின் சி தேவை. அது கிட்டாவிட்டால் முப்புரி தளர்கிறது. ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய் வருகிறது. மாலையில் ஒரு மணியும் மாறவில்லை. குறி மட்டுமே விடுபட்டது. ராமச்சந்திரன் பின்னர் பெங்களூருக்கு வந்து, 1971-இல் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியற் பிரிவைத் தொடங்கினார். புரதங்களைப்பற்றி இந்நகரில் நடந்துவரும் ஆராய்ச்சிக்கு அது ஓர் ஊற்றுக்கண் எனலாம்.

மெத்தில் குறி இதனினும் எளியது. கார்பன் அணு ஒன்று, ஹைட்ரஜன் அணுக்கள் மூன்று, அவ்வளவே. அது வந்து ஒட்டும்போது அங்கிருந்த ஹைட்ரஜன் ஒன்று விலகிவிடுவதால், எடை மிகுவது ஏறத்தாழ 14 டால்ட்டன். டால்ட்டன் என்பது ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை என்று கொண்டால் பெரிய பிழையில்லை. பெரும்பாலும் லைசின், ஆர்ஜினின் என்னும் இரு மணிகளே இக்குறியைத் தாங்கும். லைசின் ஒன்று, இரண்டு அல்லது மூன்று மெத்தில்களையும், ஆர்ஜினின் ஒன்று அல்லது இரண்டையும் ஏற்கும். இந்த மெத்தில் எங்கிருந்து வருகிறது? எள், பால், முட்டை, மீன் முதலியவற்றில் நாம் உண்ணும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்தே வருகிறது. உணவில் வந்த மெத்தில், குருவி இரையெடுத்துச் சென்று குஞ்சின் வாயில் வைப்பதுபோல, நொதிகளால் எடுத்துச் செல்லப்பட்டுக் குறிப்பிட்ட புரதத்தின் குறிப்பிட்ட மணியில் வைக்கப்படுகிறது.

இக்குறியை முதலில் கண்டது 1959-இல். ஆம்ப்ளர், ரீஸ் என்னும் இருவர் பாக்டீரியாவின் நீந்தும் இழையிலுள்ள புரதத்தில் மெத்தில் ஏறிய லைசினைக் கண்டனர். 1964-இல் கென்னத் முர்ரே என்பார் அதை ஹிஸ்டோன் என்னும் புரதங்களில் கண்டார். ஆனால் அது எதற்கு என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. ஒருமுறை ஏறிய மெத்தில் இறங்காது என்றே பலரும் கருதினர். ஹிஸ்டோனில் லைசினுக்கு மெத்தில் ஏற்றும் முதல் நொதி 2000-இல் அடையாளம் காணப்பட்டது. அதை இறக்கும் நொதியும் உண்டு என்பது 2004-இல் யாங் ஷி குழுவினரால் காட்டப்பட்டது. குறி இடவும் அழிக்கவும் ஆட்கள் உண்டு என்று தெரிந்தபிறகே, இது வெறும் கறை அன்று, எழுத்து என்பது உறுதியாயிற்று.

ஹிஸ்டோன் என்றோமே, அதைச் சற்று நின்று பார்ப்போம். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அதை அடக்கவேண்டும். எட்டு ஹிஸ்டோன்கள் கூடி ஒரு கண்டாகி நிற்க, அதன்மேல் நூல் சுற்றினாற்போல் டி.என்.ஏ. சுற்றிக்கொள்கிறது. ஹிஸ்டோன்களின் முனைகள் கண்டுக்கு வெளியே வால்போல் நீண்டிருக்கும். அவ்வால்களில்தான் குறிகள் மிகுதி. எச்3 என்னும் ஹிஸ்டோனின் நான்காம் இடத்து லைசினில் மும்மெத்தில் ஏறியிருந்தால், அவ்விடத்து மரபணு பெரும்பாலும் விழித்திருக்கிறது என்று பொருள். ஒன்பதாம் இடத்து லைசினில் அதே மும்மெத்தில் ஏறியிருந்தால் அப்பகுதி உறங்குகிறது என்று பொருள். குறி ஒன்றே, இடம் ஐந்து மணித் தொலைவுதான் வேறு, பொருளோ நேர்மாறு!

இடம் எவ்வளவு முக்கியம் என்பதை 2012-இல் வெளிவந்த செய்தி ஒன்று வேதனையோடு உணர்த்தியது. குழந்தைகளின் மூளைத்தண்டில் தோன்றும் கொடிய கட்டிகள் பெரும்பாலானவற்றில், இந்த எச்3 புரதத்தின் 27-ஆம் இடத்து லைசின் மாறி, மெத்தியோனின் வந்து அமர்ந்திருக்கக் கண்டனர். மெத்தில் ஏறவேண்டிய இருக்கையே இல்லை. மேலும் அம்மெத்தியோனின் குறியிடும் நொதியையும் தடைப்படுத்திவிடுகிறது. அதே 27-ஆம் இடத்தில் மெத்தில் ஏற்றும் நொதியைக் கட்டுப்படுத்தும் டேஸிமெட்டோஸ்டாட் என்னும் மருந்து, வேறொரு வகைப் புற்றுக்காக 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 27 என்று சொல்லவேண்டிய இடத்தில் 26 என்றோ 28 என்றோ ஆய்வாளன் சொல்லிவிட்டால், அவன் பின்னே வரும் மருந்தாளர்கள் பல ஆண்டுகள் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இனி நிறுக்கும் கருவிக்கு வருவோம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது அதன் பெயர். நிறை நிறமாலைமானி என்று தமிழில் வழங்குகிறார்கள். மின்னூட்டம் பெற்ற துகள்களை மின்புலத்திலோ காந்தப்புலத்திலோ ஓடவிட்டு, அவை வளையும் அல்லது ஊசலாடும் விதத்திலிருந்து எடையைக் கணக்கிடுவது அதன் தத்துவம். 1919-இல் ஆஸ்ட்டன் செய்த கருவி அணுக்களை நிறுத்தது. புரதங்களை நிறுப்பதற்கு மட்டும் நெடுங்காலம் வழியில்லாதிருந்தது. புரதத்தை ஆவியாக்கச் சூடேற்றினால், முட்டை வேகுமாப்போல் அது கெட்டுவிடும். ஜான் ஃபென் என்பார் நுண்ணிய ஊசிமுனையில் உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்துப் புரதக் கரைசலைப் பனிபோல் தெளித்தார். நீர்த்துளி உலர்ந்துபோக, மின்னூட்டத்தோடு புரதம் மட்டும் காற்றில் நின்றது. ஜப்பானியரான கோய்ச்சி தனாக்கா லேசர் ஒளியால் அதே காரியத்தை வேறு வழியில் முடித்தார். இருவரும் 2002-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஒரு முழுப் புரதத்தை அப்படியே நிறுத்தால் மொத்த எடை தெரியும், இடம் தெரியாது. ஆகவே டிரிப்சின் என்னும் நொதியைக் கொண்டு முதலில் வெட்டுகிறோம். நம் குடலில் பருப்பையும் மீனையும் செரிக்கச் செய்யும் அதே டிரிப்சின்தான். லைசினும் ஆர்ஜினினும் வருமிடத்தில் மட்டும் வெட்டும் நல்ல பழக்கம் அதற்கு உண்டு. வெட்டிய துண்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக நிறுத்து, பின்னர் அத்துண்டையும் வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைக்கிறோம். துண்டு ஒரே மாதிரி உடைவதில்லை. ஒன்று முதல் மணிக்குப்பின் உடையும், இன்னொன்று இரண்டாம் மணிக்குப்பின் உடையும், மற்றொன்று மூன்றாவதற்குப்பின். இவற்றின் எடைகளை வரிசைப்படுத்தினால் ஏணிப் படிகள்போல் நிற்கும். இரு படிகளுக்கு இடையிலுள்ள வேறுபாடே ஒரு மணியின் எடை. லைசினுக்கு 128 என்று இருக்கவேண்டிய படி 142 என்று உயர்ந்திருந்தால், மெத்தில் அங்கேதான் இருக்கிறது.

சொல்லும்போது எவ்வளவு எளிதாயிருக்கிறது! எச்3 ஹிஸ்டோனின் 9 முதல் 17 வரையுள்ள ஒன்பது மணிகளைக் கொண்ட துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் வெற்றெடை ஏறத்தாழ 900.5 டால்ட்டன். கருவி 942.5 என்று காட்டுகிறது. மிகுதி 42. ஒன்பதாம் இடத்து லைசினில் மூன்று மெத்தில்கள் ஏறியிருக்கின்றன என்று மகிழ்ந்துவிடலாமா? கூடாது. அசெட்டில் என்னும் வேறொரு தொகுதியின் எடையும் 42-தான். அது பதினான்காம் இடத்து லைசினில் வந்து அமரும் வழக்கமுடையது. மும்மெத்திலின் எடை நுட்பமாக 42.047, அசெட்டிலின் எடை 42.011. வேறுபாடு 0.036. பத்து டன் எடையுள்ள சுமைலாரி ஒன்றை எடைமேடையில் நிறுத்தி, அதில் நானூறு கிராமுக்கும் குறைந்த சிறு தேங்காயொன்று கூடுதலாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கு இது சமம். பழைய கருவிகளுக்கு இது எட்டாத நுட்பம். அலெக்சாண்டர் மக்காரொவ் வகுத்த ஆர்பிட்ராப் முதலிய புதுக்கருவிகள், பத்து இலட்சத்தில் சில பங்கே பிழை வருமாறு நிறுக்கின்றன. அவற்றுக்குத் தேங்காய் நன்றாகவே தெரியும்.

இதனினும் குறும்பான ஒற்றுமைகள் உள. இரண்டு மெத்தில் ஏறிய லைசினின் எடை 156.126. ஒன்றும் ஏறாத ஆர்ஜினினின் எடை 156.101. இவையும் நுட்பக் கருவிக்கு வேறுபட்டுத் தெரியும். ஆனால், எந்தக் கருவிக்கும் தெரியாத ஒற்றுமைகளும் இருக்கின்றன. கிளைசின் என்னும் மணியோடு மெத்தில் அளவு எடை சேர்ந்தால் அதுவே அலனின். செரினோடு சேர்ந்தால் திரியோனின். வாலினோடு சேர்ந்தால் லியூசின். இங்கே எடை வேறுபாடு கொஞ்சமும் இல்லை; அணுக்களின் கணக்கே ஒன்றாகிவிடுகிறது. ஆகையால் ஒருவருடைய புரதத்தில் இயல்பாகவே கிளைசினுக்குப் பதில் அலனின் இருந்து, ஏணியில் ஒரு படியும் தெளியாமற் போனால், பக்கத்து லைசினில் மெத்தில் ஏறியதாகக் கணிப்பொறி எழுதிவிடும். கணிப்பொறி பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது.

டிரிப்சினும் இங்கே ஒரு சங்கடம் தருகிறது. மெத்தில் ஏறிய லைசினிலும் ஆர்ஜினினிலும் அது சரிவர வெட்டுவதில்லை. சில இடங்களில் வெட்டவே மறுக்கிறது. ஹிஸ்டோன் வாலில் இந்த இரு மணிகளும் நெருக்கமாக இருப்பதால், வெட்டினால் துண்டுகள் மிகச் சிறிதாகிக் கைநழுவிப் போகும். வெட்டாவிட்டால் மிக நீண்டுவிடும். லைசின்களையெல்லாம் முதலிலேயே புரோப்பியோனிக் நீரிலியால் மூடிவிட்டு, ஆர்ஜினினில் மட்டும் வெட்டச் செய்வது ஆய்வாளர்கள் கண்ட நல்ல உபாயம்.

இத்தகைய வேலைக்குப் பெங்களூரு இன்று தகுந்த இடமாயிருக்கிறது. பல்லாரிச் சாலையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தினுள் தேசிய உயிரியல் ஆய்வு மையமும், அதை அடுத்து 2009-இல் தொடங்கப்பெற்ற சி-கேம்ப் நிறுவனமும் உள்ளன. பிறர் தம் மாதிரிகளைக் கொடுத்துக் கருவியின் பயனைப் பெறும் வசதி அங்கே உண்டு. ஒயிட்ஃபீல்டுத் தொழில்நுட்பப் பூங்காவில், 2002-இல் அகிலேஷ் பாண்டே நிறுவிய உயிர்த்தகவலியற் கழகம் இருக்கிறது. அக்கழகத்தினரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் கூடி, மனித உடலின் 30 வகை மாதிரிகளை நிறுத்து, 17,294 மரபணுக்களின் புரதங்களைக் கண்டதாக 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மனிதப் புரதங்களின் முதற்படிவம் என்று உலகம் பாராட்டியது. ஜெர்மானியர் தயாரித்த வேறொரு படிவமும் அதே இதழில் வந்தது. ஆனால் அவ்வாண்டே ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் சிலர் ஒரு கேள்வி எழுப்பினர். மூக்கின் திசுவை நிறுக்காமலே, மணம் உணரும் புரதங்கள் இவ்விரு படிவங்களிலும் எவ்வாறு வந்தன என்பதே அக்கேள்வி. கேள்வி நியாயமானதே. படிவத்தின் பெருமை அதனால் குறைந்துவிடவில்லை. கோடிக்கணக்கான நிறுவைகளில் சிறு விழுக்காடு பிழை புகுந்தாலும், அரிதாக இருப்பனவற்றின் பட்டியலில் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை நாங்கள் அதிலிருந்தே நன்றாகக் கற்றுக்கொண்டோம்.

ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தையும் சொல்லாமல் மேலே செல்லலாகாது. அங்கே தபஸ் குண்டுவின் ஆய்வுக்கூடத்தினர், கார்ம்-1 என்னும் நொதியைப்பற்றி 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முன்பு நாம் பார்த்த ஒன்பது மணித் துண்டின் கடைசி மணியாகிய 17-ஆம் இடத்து ஆர்ஜினினில் மெத்தில் ஏற்றுவது கார்ம்-1. மாதுளம்பழத்திலிருந்து பிரித்தெடுத்த எல்லாஜிக் அமிலம், அந்த ஆர்ஜினினைச் சுற்றியுள்ள சில மணிகளோடு சென்று ஒட்டிக்கொண்டு, அவ்விடத்து மெத்தில் ஏற்றத்தைத் தடுப்பதை அவர்கள் காட்டினர். நொதியைக் கட்டிப்போடாமல், நொதி வந்து அமரும் திண்ணையை மறித்துக்கொள்ளும் இவ்விதம் எங்களுக்கு மிகச் சுவையாகப் பட்டது. மாதுளை தின்றால் இந்நோய் தீரும் அந்நோய் தீரும் என்று யாரும் இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். அது ஆய்வுக்கூடத்துக் கண்டுபிடிப்பு. பழம் பழமாகவே நல்லது.

ஐதராபாத்திலிருந்து வந்த செய்தி வேறு வகையானது. 2015-இல் அந்நகரின் மரபணு ரேகை ஆய்வு மையத்தில் சஞ்சீவ் கோஸ்லா குழுவினர், காசநோய்க் கிருமி சுரக்கும் ஆர்வி1988 என்னும் புரதம் நம் உயிரணுவின் உட்கருவுக்குள்ளேயே நுழைந்து, எச்3 ஹிஸ்டோனின் 42-ஆம் இடத்து ஆர்ஜினினில் மெத்தில் ஏற்றுவதைக் கண்டனர். வால் பகுதியில் அன்று; நூற்கண்டின் உட்பகுதிக்கு அருகில். வீட்டுக்குள் புகுந்த திருடன் வீட்டுக்காரனின் கணக்குப் புத்தகத்தில் தானே ஒரு வரி எழுதி வைத்ததற்கு இது ஒப்பாகும். எந்த இடத்தில் எழுதினான் என்பது தெரியாதிருந்தால், எழுதினவன் வீட்டுக்காரனா திருடனா என்பதே தெரிந்திராது.

இனி எங்கள் கதை. நாங்கள் நால்வர் இந்நகரின் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துவந்தோம். ஈஸ்ட் போன்ற எளிய உயிர் அன்று, மனித உயிரணுக்களை வளர்த்து, அவற்றில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிரித்து நிறுத்துக்கொண்டிருந்தோம். ஒரு மாலை, எதிர்பாராத துண்டு ஒன்று 14 டால்ட்டன் கூடுதலாக வந்தது. அத்துண்டின் நடுவே ஒரு லைசின் இருந்தது. கணிப்பொறி அந்த லைசினில் மெத்தில் என்றது. நம்பகமும் மிக உயர்வாகவே காட்டிற்று. அவ்விடத்தில் மெத்தில் இருப்பதாக அதுவரை ஒருவரும் எழுதியதில்லை. எங்களுள் மூத்தவர் உட்பட ஒருவருக்கும் அன்றிரவு உறக்கமில்லை. மூன்று வாரத்தில் கட்டுரையின் முதல் வடிவம் தயார். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டோம்.

எங்களோடிருந்த மாணவி ஒருத்தி மட்டும் ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். “இந்த மெத்தில் உயிரணுவுக்குள்ளே ஏறியதா, நம் கையில் வந்தபின் ஏறியதா?” என்பதே அது. கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. அதைத் தீர்ப்பதற்கு ஒரு வழி உண்டு. 2004-இல் மத்தியாஸ் மான் குழுவினர் வகுத்த முறை அது. உயிரணுக்களை இரண்டு பகுதியாக வளர்க்கவேண்டும். ஒரு பகுதிக்குச் சாதாரண மெத்தியோனினைக் கொடுக்கவேண்டும். மற்றதற்கு, மெத்தில் தொகுதியிலுள்ள கார்பனும் ஹைட்ரஜனும் கனமான ஓரிடத்தான்களாக அமைந்த மெத்தியோனினைக் கொடுக்கவேண்டும். உயிரணு தன் நொதிகளால் ஏற்றும் மெத்தில் இரண்டாம் பகுதியில் 14-ஆக இராது; 18-ஆக இருக்கும். இரண்டையும் கலந்து நிறுத்தால், உண்மையான மெத்தில் ஒவ்வொன்றுக்கும் 4 டால்ட்டன் இடைவெளியில் இரட்டைக் கோபுரங்கள் எழும். மெத்தில் இரண்டானால் இடைவெளி 8, மூன்றானால் 12. உயிரணுவுக்கு வெளியே ஏறியதற்கு இரட்டை கிடையாது, ஒற்றையாகவே நிற்கும். துண்டிலேயே மெத்தியோனின் மணி ஒன்று இருந்தால் அதற்கும் 4 இடைவெளி வந்து குழப்பும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கனமான மெத்தியோனின் விலை மலிவன்று. உயிரணுக்களைப் பல தலைமுறை அதிலேயே வளர்க்கவும் வேண்டும். கட்டுரையை முதலில் அனுப்பிவிட்டு இதைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று எங்களுள் இருவர் வாதாடினர். அவ்விருவருள் ஒருவர்தாம் இப்பேச்சை எழுதுகிறவர். மாணவி மறுத்துவிட்டாள். தன் பெயர் கட்டுரையில் வேண்டாம் என்றும் சொன்னாள். இரண்டு மாதம் காத்திருந்தோம்.

நிறுத்த அன்று, நாங்கள் எதிர்பார்த்த கோபுரம் ஒற்றையாகவே நின்றது. பக்கத்தில் 4 டால்ட்டன் தள்ளி வெறும் தரைதான். கருவியின்மேல் ஐயம் கொண்டு, முன்பே நன்கு தெரிந்த ஹிஸ்டோன் துண்டு ஒன்றை அதே கலவையில் பார்த்தோம். அதில் இரட்டைக் கோபுரம் அழகாக எழுந்து நின்றது. கருவியில் பிழையில்லை.

பின்னர் ஏணியின் படிகளைக் கணிப்பொறியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே கணக்கிட்டோம். அப்போதுதான் தெரிந்தது, 14 ஏறியிருந்தது லைசினில் அன்று. அதற்கு அடுத்த மணியாகிய குளூட்டாமிக் அமிலத்தில். இரண்டுக்கும் நடுவிலிருந்த படி மிகவும் மங்கலாயிருந்ததால், கணிப்பொறி லைசினையே தேர்ந்துகொண்டது. குளூட்டாமிக் அமிலத்துக்கு மெத்தில் எப்படி வந்தது? புரதத்தைப் பிரித்த ஜெல் பலகையை நிறமூட்டுவதற்கு நாங்களே ஊற்றிய கரைசலில் மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் இருந்தன. அமிலத்தின் துணைகொண்டு மெத்தனால் தன் மெத்திலைக் குளூட்டாமிக் அமிலத்துக்குக் கொடுத்துவிட்டது. மெத்தனாலை நீக்கி எத்தனாலைக் கொண்டு மீண்டும் செய்தோம். கோபுரம் இருந்த சுவடே இல்லை. மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதினோம். அதை எழுதும்போது ஏற்பட்ட நாணத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இத்தகைய பிழை எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. புரதத் துண்டுகளை அடையாளம் காண்பதில் நூற்றுக்கு ஒன்று தவறலாம் என்று ஆய்வாளர்கள் பொதுவாக ஓர் எல்லை வைத்துக்கொள்கிறார்கள். மெத்தில் ஏறிய துண்டுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், தவறு அந்த எல்லையை மிகவும் தாண்டிவிடுகிறது என்று சிட்னி நகரத்து ஆய்வாளர்கள் 2016-இல் கனமான மெத்தியோனின் முறையைக் கொண்டே எடுத்துக் காட்டினர். வேறு குறிகள் எல்லாவற்றுக்கும் இந்த அவல நிலை இல்லை. பாஸ்பேட் குறியின் எடை 80. அதைப் போலிசெய்ய மணிகள் இல்லை. மெத்திலுக்கோ திரும்பிய பக்கமெல்லாம் போலிகள். அச்சில் வந்துள்ள மெத்தில் இடங்களின் பட்டியல்களைக் கனமான மெத்தியோனினால் சோதிக்காதவரை முழுதும் நம்பலாகாது என்பது எங்கள் கருத்து. இது சற்றுக் கடுமையாகத் தோன்றலாம்.

எங்கள் கையில் எஞ்சியது என்ன? அதே கலவையில், நாங்கள் தேடாத ஓர் இடத்தில், 8 டால்ட்டன் இடைவெளியோடு ஓர் இரட்டைக் கோபுரம் தெரிந்தது. ஆர்ஜினின் ஒன்றில் இரண்டு மெத்தில்கள். இரண்டும் ஒரே கிளையில் ஏறியனவா, கிளைக்கு ஒன்றாக ஏறியனவா என்பது அடுத்த கேள்வி; எடையோ இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் உடைக்கும்போது, ஒரே கிளையில் ஏறியது 45 டால்ட்டன் எடையுள்ள துணுக்கை உதிர்க்கும். கிளைக்கு ஒன்றாக ஏறியது 31 டால்ட்டன் துணுக்கை உதிர்க்கும். எங்கள் துண்டு 45-ஐ உதிர்த்தது. கார்ம்-1 முதலிய நொதிகள் ஏற்றும் வகை அது.

அதன்பிறகும் நாங்கள் கட்டுரைக்கு அவசரப்படவில்லை. அந்தத் துண்டையே மெத்தில்களோடு வேதிமுறையில் செய்து தருவித்து, உயிரணுவிலிருந்து வந்த துண்டோடு சேர்த்துக் கருவியில் செலுத்தினோம். இரண்டும் குழாயிலிருந்து ஒரே நிமிடத்தில் வெளிவந்தன. ஏணிப் படிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. இப்போது அந்த மெத்தில்களை ஏற்றும் நொதி கார்ம்-1 தானா, அதன் உடன்பிறப்புகளுள் வேறொன்றா என்று அறிய, நொதியின் மரபணுவை நீக்கிய உயிரணுக்களை வளர்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த மாணவி தன் பெயரைக் கட்டுரையில் முதலாவதாகப் போட இசைந்திருக்கிறாள்.